பஞ்சப்படி இல்லாத சம்பளம்

அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. மேடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. நல்ல மனம் படைத்த ஒருவர் தம் ஆசிரியர் நினைவாகவோ தாயார் நினைவாகவோ ஒரு தொகையைக் கல்லூரியிடமோ தமிழ் மன்றத்திடமோ ஒப்படைக்கிறார். அது வங்கியில் வைப்புநிதியாகக் கிடக்கிறது. ஆண்டுதோறும் வரும் வட்டியில் பேச்சாளருக்கு ரயில் கட்டணம், ஒரு பொன்னாடை, வந்தவர்களுக்குக் காபி, முடிந்தால் உரையைச் சிறு நூலாக அச்சிடும் செலவு எல்லாம் நடக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வைத்த பத்தாயிரம் ரூபாய் என்றால், இன்றைக்கு ஏழு சதவீத வட்டியில் ஆண்டுக்கு எழுநூறு ரூபாய் வரும். பொன்னாடைக்குச் சரியாகப் போகும். காபிக்கு யாராவது கைப்பணம் போட வேண்டும். வைத்த முதலில் ஒரு பைசா குறையவில்லை, கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கட்டளையின் உயிர் மட்டும் கரைந்துவிட்டது.

சோழர் காலத்தில் கட்டளை வைத்தவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றை வைத்திருக்கும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். வேறு பல கோயில்களில் இந்தக் கணக்கு 90 ஆடு. இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஆடு சாகாமல் இருக்குமா? சாகும், ஆனால் குட்டியும் போடும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். காசாகவும் பொன்னாகவும் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் ஆடாகக் கொடுத்தவர், நெய் என்ன விலை விற்றாலும் விளக்கு அணையாது என்பதற்கு வழி செய்துவிட்டுப் போனார்.

மாதச் சம்பளத்திடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். வருவது ரூபாயா, நெய்யா? விலைவாசி ஏறும்போது தானும் ஏறும் சம்பளம் ஒரு வகை. போட்ட இடத்திலேயே நிற்கும் சம்பளம் மற்றொரு வகை. இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தை வளர்த்தது முதல் வகைச் சம்பளம். இருபத்தொன்றாம் நூற்றாண்டில் அந்த வர்க்கத்தின் பிள்ளைகள் வாங்குவது இரண்டாம் வகை. இந்த உரை அந்த மாற்றத்தைப் பற்றியது.

1. படியின் கதை

‘பஞ்சப்படி’ என்ற சொல்லை இந்த அரங்கில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கோயம்புத்தூர் மில் தொழிலாளி முதல் வங்கி எழுத்தர்வரை எல்லோரும் புழங்கிய சொல். அரசாணைகளில் அது ‘அகவிலைப்படி’. அகவிலை என்றால் தானிய விலை. இரண்டு பெயர்களுமே அந்தப் படி எதற்காக வந்தது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கின்றன: தானியம் விலை ஏறினால், பஞ்சம் வந்தால், கூலிக்காரன் பட்டினி கிடக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போரின்போது விலைவாசி தறிகெட்டு ஏறியதில் பிறந்த ஏற்பாடு இது. மத்திய அரசு ஊழியர்களுக்கு முதலில் உணவுக்கான படி என்ற பெயரில்தான் வந்தது. போர் முடிந்தபின் 1946இல் அமைந்த முதல் ஊதியக் குழுவுக்குத் தலைவர் சென்னைக்காரர், நீதிபதி சீனிவாச வரதாச்சாரியார். அவர் குழு பரிந்துரைத்த குறைந்தபட்ச ஊதியம் 55 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 30, பஞ்சப்படி 25. சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு விலைவாசியைப் பார்த்து நகரும்படி வைக்கப்பட்டது.

அடுத்த படி 1957இல். பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று ஒரு சமையலறைக் கணக்கைப் போட்டது. உழைப்பவர் ஒருவரின் வருமானத்தில் மூன்று பேர் அளவுக்குச் சாப்பாடு, ஆளுக்கு நாள்தோறும் 2,700 கலோரி, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்கு 20 சதவீதம். அந்த 2,700 கலோரி எங்கிருந்து வந்தது என்பது தமிழ்நாட்டார் பலர் மறந்துவிட்ட செய்தி. நீலகிரியில், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்த டாக்டர் வாலஸ் அய்க்ராய்டு வகுத்த அளவு அது. இன்றைக்கும் ஊதியக் குழுக்கள் அவர் பெயரில்தான் கணக்குப் போடுகின்றன. ஏழாவது ஊதியக் குழு 18,000 ரூபாய் என்ற குறைந்தபட்சத்துக்கு வந்து சேர்ந்ததும் இந்த வழியில்தான்.

இந்தக் கணக்கில் பள்ளிக்கூடம் இல்லை, மருத்துவமனை இல்லை, கல்யாணம் இல்லை, முதுமை இல்லை. அவற்றைச் சேர்த்த வழக்கும் சென்னையில் முளைத்தது. ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலையில், விலைவாசிக் குறியீட்டோடும் அடிப்படைச் சம்பளத்தோடும் பிணைந்த பஞ்சப்படித் திட்டம் இருந்தது. தொழிலாளருக்கு அது அதிகமாகக் கொடுக்கிறது என்று நிர்வாகம் மாற்றப் பார்த்தது. வழக்கு ஏறி ஏறி உச்ச நீதிமன்றம்வரை போனது. 1991 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பு தொழிலாளர் பக்கம் நின்றது. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், திருவிழா உள்ளிட்ட குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. ஒரு கூலிக்காரக் குடும்பம் நடுத்தரக் குடும்பமாக மாறுவதற்குத் தேவையான பட்டியல் என்று இதைச் சொல்லலாம்.

தீர்ப்பு வந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1991. அதே ஆண்டு ஜூலையில்தான் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. பட்டியல் முழுமை பெற்ற நேரமும், அந்தப் பட்டியலைக் கேட்கத் தேவையில்லாத வேலைகள் வரத் தொடங்கிய நேரமும் ஒன்று.

2. மூன்றேகாலும் மூன்றேமுக்காலும்

2000ஆவது ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை ‘ஓ.எம்.ஆர்.’ ஆனது, பிறகு சிறுசேரிவரை கண்ணாடிக் கட்டடங்கள். பத்தாம் வகுப்பு தாண்டாத பெற்றோரின் பிள்ளைகள் பொறியியல் கலந்தாய்வில் இடம் பிடித்து, வளாகத் தேர்வில் வேலை வாங்கி, முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவின் கடைசி மாதச் சம்பளத்தைத் தாண்டினார்கள். கதை உண்மையானது. எத்தனையோ கிராமத்து வீடுகளின் ஓட்டுக்கூரை அந்தச் சம்பளத்தில்தான் தளமாக மாறியது. பஞ்சப்படி என்ற சொல்லைக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு ‘ஹைக்’ வரும்போது படி எதற்கு?

சிரிப்பு எப்போது நின்றது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இன்ஃபோசிஸின் முன்னாள் நிதித் தலைவர் மோகன்தாஸ் பை அதைப் பொதுவெளியில் சொன்னார். 2011இல் தகவல் தொழில்நுட்பத் துறையில் புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 3.25 லட்சம், பதின்மூன்று ஆண்டு கழித்து 3.75 லட்சம். உயர்வு 15 சதவீதம். இதே காலத்தில் நுகர்வோர் விலைக் குறியீடு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. விலைவாசிக்கு ஈடுகொடுக்க மட்டுமே அந்தச் சம்பளம் ஆறு லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்றேமுக்காலில் நிற்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் எதையும் பவுனில் மாற்றிப் பார்ப்பது வழக்கம். 2011 பிற்பகுதியில் ஒரு பவுன் 20,000 ரூபாயை ஒட்டி விற்றது. அன்றைய புதியவரின் ஓராண்டுச் சம்பளம் பதினாறு பவுன். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் புதியவரின் ஓராண்டுச் சம்பளம் நான்கு பவுன். தங்கத்தை வைத்து மட்டும் வாழ்க்கைச் செலவை அளக்க முடியாது, சரி. ஆனால் மகளுக்குத் திருமணம் என்றாலும் தகப்பனுக்கு ஆபரேஷன் என்றாலும் பவுனில் கணக்குப் பார்க்கும் சமூகத்துக்கு, பதினாறு நான்கானது வெறும் எண் அல்ல.

ஒரு துறையின் கதை மட்டும் இது என்று ஒதுக்கவும் வழியில்லை. மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை, மாதச் சம்பளக்காரர்களின் வருமானத்தில் விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தது. ஆண்களுக்கு 2017-18இல் 12,665 ரூபாயாக இருந்தது 2023-24இல் 11,858 ஆனது. பெண்களுக்கு 10,116 ரூபாய் 8,855 ஆனது. ஆறு ஆண்டு வேலை பார்த்தபின் கை இளைத்திருக்கிறது. பெண்களின் கை இரண்டு மடங்கு வேகத்தில் இளைத்திருக்கிறது.

அதே அறிக்கை நிறுவனங்களின் பக்கத்தையும் புரட்டியது. நிஃப்டி 500 பட்டியலில் உள்ள நிறுவனங்களின் லாபம், நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம் என்ற அளவை 2023-24இல் தொட்டது. 2007-08க்குப் பிறகு இதுதான் உச்சம். அந்த ஆண்டில் பெருநிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் கூடியது; வேலைவாய்ப்பு 1.5 சதவீதம். பணம் இல்லாததால் சம்பளம் நின்றது என்று சொல்ல இந்த எண்கள் விடவில்லை.

பிறகு ஏன் நின்றது? முதல் காரணம் எல்லோரும் அறிந்தது. ஒரு வேலைக்கு வரிசையில் நிற்கும் பொறியாளர் எண்ணிக்கை. ஆண்டுதோறும் கல்லூரிகள் புதிய அணியை அனுப்பும்போது, வாசலில் நிற்பவருக்கு விலை கூட்ட எந்த நிறுவனத்துக்கும் அவசரம் இல்லை. உள்ளே போனவர் மூன்று ஆண்டில் கம்பெனி மாறினால் சம்பளம் கூடும். கொரோனாவுக்குப் பிந்தைய 2021, 2022இல் அப்படி மாறியவர்கள் நன்றாகவே வாங்கினார்கள். மாறத் தெரிந்தவருக்கும் மாற முடிந்தவருக்கும் அது வழி. வயதான பெற்றோரையும் வீட்டுக் கடனையும் வைத்துக்கொண்டு ஒரே ஊரில் இருப்பவருக்கு அந்த வழி குறுகலானது.

இரண்டாவது காரணம் பேரம் பேச ஆள் இல்லாதது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளரைக் கொண்டு தொடங்கியபோது, முதல் உலகப் போர் கால விலையேற்றம்தான் பின்னணி. ஒரு நூற்றாண்டு கழித்து, 2024 செப்டம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் ஒரு கோரிக்கை. அதற்கும் முன்னதாக, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது கோரிக்கை. 1918இல் கேட்டதையே மறுபடி கேட்க வேண்டியிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய மென்பொருள்காரரோ அந்தக் கேள்விக்கே வரவில்லை. தம்மைத் தொழிலாளி என்று அவர் எண்ணிக்கொண்டதில்லை.

3. 2014இல் உறைந்த எண்கள்

சம்பளம் மட்டும்தான் நின்றது என்றால் பரவாயில்லை. சம்பளக்காரரைக் காக்கவென்று அரசு வைத்த எண்களும் அதனதன் இடத்தில் நின்றுவிட்டன. அவற்றில் பலவற்றுக்கு ஒரே பிறந்த வருடம்.

வருங்கால வைப்புநிதிக்கான சம்பள வரம்பு 15,000 ரூபாய். 2014 செப்டம்பரில் வைத்தது. அதே மாதம் வைத்த இன்னொரு எண், தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். வருமான வரியில் சேமிப்புக்குக் கிடைக்கும் 80-சி கழிவு ஒன்றரை லட்சம், வீட்டுக் கடன் வட்டிக் கழிவு இரண்டு லட்சம்; இரண்டும் 2014 பட்ஜெட்டில் வந்தவை. புதிய வரி முறைக்குப் போனவருக்கு, குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, இந்த இரண்டும் கிடையாது. அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் 21,000 ரூபாய் வரம்பு 2017இல் வந்தது. நாட்டளவில் அறிவிக்கப்பட்ட அடிமட்டக் கூலி நாளுக்கு 178 ரூபாய் என்று 2019இல் சொன்னார்கள். அதற்கு முன்பு 176. இரண்டு ரூபாய் உயர்வு!

இவற்றில் ஓய்வூதியக் கணக்கு தனியாகச் சொல்லத் தக்கது. சம்பளத்தை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000 என்றே கணக்கு. முப்பத்தைந்து ஆண்டு உழைத்தவருக்கு விடை 7,500 ரூபாய். அதன்மேல் பஞ்சப்படி கிடையாது. அறுபது வயதில் வாங்கியதையே எண்பதிலும் வாங்குவார்.

அரசு ஊழியருக்கு இந்தக் கதை இல்லை. அவருடைய அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தொழிலாளர் விலைக் குறியீட்டைப் பார்த்து நகர்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு ஊழியருக்கு அது 58 சதவீதம். வங்கி ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மறுமுனையில், தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்ட தொழில்களுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி அகவிலைப்படி மாற்றி அறிவிக்கப்படுகிறது. ஆக, மேல்படியில் நிற்பவருக்குப் படி உண்டு. கீழ்ப்படியில் நிற்பவருக்கும் காகிதத்திலாவது படி உண்டு. நடுவில் நிற்கும் தனியார் பள்ளி ஆசிரியை, மருத்துவமனை நர்ஸ், கால்சென்டர் ஊழியர், கட்டுமான நிறுவனத்தின் கணக்கர், மென்பொருள் சோதனையாளர் ஆகியோருக்கு விலைவாசியைப் பார்க்கும் வரி எதுவும் சம்பளப் பட்டியலில் இல்லை. நடுத்தர வர்க்கத்தின் நடு என்பது இதுதான்.

4. ஐந்நூறாவது யூனிட்

செலவுப் பக்கம் போனால், தமிழ்நாட்டில் ஒரு விசித்திரம் தெரியும். அரசு விற்பது அவ்வளவாக ஏறவில்லை. ஆவின் நீலப் பாக்கெட் பால் 2011 நவம்பரில் லிட்டர் 17.75 ரூபாயிலிருந்து 24 ரூபாய் ஆனபோது பெரிய கூக்குரல் எழுந்தது. இன்று 40. பதினான்கு ஆண்டில் இது பெரிய ஏற்றமில்லை. ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை.

ஏறியவை வேறு. பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், டியூஷன், வீட்டு வாடகை, மருத்துவமனை பில், காப்பீட்டுத் தவணை. இவற்றை விற்பது சந்தை. இவற்றை வாங்கச் சந்தைக்குப் போனதும் பெரும்பாலும் நடுத்தர வர்க்கமே. அரசுப் பள்ளியில் படித்து, அரசு மருத்துவமனையில் பிறந்து, வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், கையில் நாலு காசு வந்ததும் முதலில் செய்தது அந்த மூன்றையும் விட்டு வெளியே வந்தது. வெளியே வந்தபின் சம்பளம் நின்றது. கட்டணம் நிற்கவில்லை.

விலைக் குறியீட்டிலும் இது முழுதாகத் தெரியாது. 2025 முடியும்வரை நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு எடைக்கல் 2011-12ஆம் ஆண்டின் செலவுக் கணக்கெடுப்பு. அதில் உணவுக்கு 45.86 சதவீத எடை, கல்விக்கு 4.46, மருத்துவத்துக்கு 5.89. இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் தாம்பரத்துக் குடும்பத்தின் செலவில் கல்வி நாலரை சதவீதம்தான் என்று சொன்னால், அந்த வீட்டு அம்மா சிரிப்பார். தக்காளி விலை இறங்கினால் பணவீக்கம் இறங்கியதாகச் செய்தி வரும். ஜூன் மாதக் கட்டணச் சீட்டு அந்தச் செய்தியைப் படிப்பதில்லை.

வாடகைக்கும் ஒரு சட்டம் உண்டு. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது வேறு. சென்னையில் வீடு தேடிப் போனவருக்கு அந்த ‘வேறு மாதிரி’ என்ன என்று தெரியும்.

ஆனால் நடுத்தர வாழ்க்கையை ஒரே பார்வையில் காட்டுவது மின்சார மீட்டர். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்வரை ஒரு கட்டணப் பட்டியல். 501ஆவது யூனிட்டைத் தொட்டால் பழைய பட்டியலில் இருந்த சலுகை கழன்றுவிடும். அந்த ஒரே ஒரு யூனிட்டுக்காக பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும். அதனால்தான் கத்திரி வெயிலில் ஏ.சி.யை இரவு இரண்டு மணிக்கு அணைத்துவிட்டு மின்விசிறிக்குத் திரும்பும் வீடுகள் இருக்கின்றன. ரீடிங் எடுக்க வருபவர் நான்கு நாள் தாமதித்தால் பதறும் வீடுகள் இருக்கின்றன.

இப்படிப்பட்ட கோடுகள் நிறைய. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு 2.5 லட்சத்துக்குள். இதர பிற்படுத்தப்பட்டோரில் ‘வசதி படைத்தோர்’ என்று மத்திய அரசு பிரிக்கும் கோடு 8 லட்சம். 2017க்குப் பிறகு அது நகரவில்லை. மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025 பட்ஜெட்டில், 12 லட்சம்வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தார். அரசுக்கு அதனால் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது. இரண்டும் நல்ல நிவாரணங்கள். ஆனால் ஆண்டுக்கு நாலு லட்சம் சம்பாதிக்கும் குடும்பம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், உரிமைத் தொகைக் கோட்டுக்கு அது மேலே. வருமான வரி அதற்கு முன்பே கிடையாது. ஆகவே வரிச்சலுகையிலும் அதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கோட்டுக்கு அது வசதியான குடும்பம். இன்னொரு கோட்டுக்கு அது கண்ணிலேயே படாத குடும்பம்.

5. சுருங்குகிறதா?

2024 அக்டோபரில் நெஸ்லே இந்தியாவின் தலைவர் சுரேஷ் நாராயணன், தங்களைப் போன்ற நிறுவனங்கள் நம்பியிருந்த நடுப்பகுதி சுருங்குவதாகத் தோன்றுகிறது என்று சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. பணக்காரர் வாங்கும் விலை உயர்ந்த பொருள் விற்கிறது, நடுப்பகுதியில்தான் தேக்கம் என்பது அவர் கண்டது. பொருளாதார வகுப்பில் கேட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மேகி விற்பவர் சொன்னதால் கவனித்தார்கள்.

எதிர்க்கணக்கும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 5 முதல் 30 லட்சம்வரை உள்ளவர்களை நடுத்தர வர்க்கமாகக் கொள்ளும் ‘பிரைஸ்’ ஆய்வு நிறுவனம், 2021இல் மக்கள்தொகையில் 31 சதவீதம் பேர் அதில் இருந்ததாகவும், 2047இல் அது 61 சதவீதமாகும் என்றும் கணித்தது. நாளுக்கு 10 முதல் 20 டாலர் என்ற அளவுகோலை வைத்த அமெரிக்காவின் பியூ மையமோ, கொரோனா ஆண்டில் இந்திய நடுத்தர வர்க்கம் 3.2 கோடி பேர் குறைந்ததாக 2021இல் மதிப்பிட்டது. அளவுகோலைப் பொறுத்துத் தலைக்கணக்கு மாறும். கார் வாங்குவோர் எண்ணிக்கையைக் காட்டி வளர்கிறது என்பார்கள், அதுவும் பொய்யில்லை.

தலைகளை எண்ணுவதைவிட, அடகுக் கடையையும் சேமிப்புப் புத்தகத்தையும் பார்ப்பது தெளிவு தரும். இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு இறங்கியது. அரை நூற்றாண்டில் அவ்வளவு கீழே போனதில்லை. வங்கிகளின் நகைக்கடன் 2024-25இல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பானது. வங்கிகள் வேறு தலைப்பில் காட்டிவந்த கடன்களை இதில் சேர்த்தது ஒரு காரணம். தங்கம் விலை ஏறியது இன்னொரு காரணம். அவற்றைக் கழித்தாலும், லாக்கரில் இருந்த வளையல் வங்கிக்குள் போயிருக்கிறது என்பது மாறாது. சம்பளம் செய்ய வேண்டிய வேலையைத் தாலிக்கொடி தவிர்த்த நகைகள் செய்கின்றன.

விலைவாசியோடு சம்பளத்தைப் பிணைத்தால் நிறுவனங்கள் தாங்குமா, சம்பளமும் விலையும் மாறி மாறி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகாதா என்ற கேள்வி நியாயமானது. இத்தாலி இந்த அச்சத்தில்தான் தன் ‘நகரும் ஏணி’ முறையை 1992இல் கைவிட்டது. பெல்ஜியம் கைவிடவில்லை. அங்கே தனியார் துறைச் சம்பளமும் குறியீட்டோடு தானாக நகர்கிறது. உக்ரைன் போருக்குப் பின் எரிசக்தி விலை உயர்ந்தபோது, 2023 ஜனவரியில் அந்நாட்டு அலுவலக ஊழியர்களில் மிகப் பெரிய பிரிவுக்கு ஒரே நாளில் 11.08 சதவீதம் சம்பளம் கூடியது. முதலாளிகள் முணுமுணுத்தார்கள், கடைகள் திறந்தே இருந்தன. படியே இல்லாத பாதை எங்கே போகும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் என்று 2009 ஜூலையில் நின்றது, நின்றபடியே இருக்கிறது. நடுத்தர வருமானத்தில் வாழ்வோர் பங்கு 1971இல் 61 சதவீதம், 2023இல் 51 சதவீதம் என்பது பியூ மையத்தின் கணக்கு.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மத்திய அரசு அடிமட்டக் கூலி ஒன்றை நிர்ணயிக்க அதில் இடமுண்டு. அந்த எண்ணை ஆண்டுதோறும் தானாக நகரும் எண்ணாக வைக்கலாம். வைப்புநிதி வரம்பையும் ஓய்வூதியத்தையும் வரிக் கழிவுகளையும் அப்படியே குறியீட்டோடு கட்டலாம். ஒவ்வொரு முறையும் ஓர் அமைச்சர் கருணை காட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. தனியார் நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் இதெல்லாம் நேரடியாகக் கை வைக்காது. ஆனால் பேரம் எந்தத் தரையிலிருந்து தொடங்குகிறது என்பதை மாற்றும். அந்தப் பேரத்தில் தாங்களும் உட்கார வேண்டும் என்று கழுத்தட்டைக்காரர்கள் எண்ணுவார்களா என்பது வேறு கேள்வி. அதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடக்கும் காட்சி ஒன்று உண்டு. தாத்தா மின்வாரியத்திலோ பள்ளியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். தாத்தா வாழ்நாளில் பார்க்காத தொகையை மாதாமாதம் பார்க்கிறான். வீட்டுக் கடன் தவணையும் கார் தவணையும் போனபின், பேரனின் முதல் பருவக் கட்டணத்தில் ஒரு பகுதி குறைகிறது. தாத்தா ஏ.டி.எம். அட்டையை எடுத்துக் கொடுக்கிறார். ஜனவரிக்குரிய அகவிலைப்படி நிலுவை அவர் கணக்கில் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அவருடைய ஓய்வூதியத் தாளில் அதற்கென்று தனி வரி இருக்கிறது. மகனுடைய சம்பளப் பட்டியலில் அதே இடத்தில் ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று அச்சாகியிருக்கிறது. அடிப்படை, வீட்டு வாடகைப் படி, வைப்புநிதி எல்லாவற்றையும் பிரித்தபின் மீதம் வருவதை அந்த வரியில் போடுவார்கள். போன ஜூனில் இருந்த தொகைதான் இந்த ஜூனிலும் இருக்கிறது.